கல்லில்லா ஸ்டெல்லா

போன மாதம், நான் வேலை பார்த்த வைத்தியசாலையிலிருந்து ஒரு தாதிப் பிள்ளை கோல் எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற வருடம்தான் ஒப்பரேஷன் தியேட்டருக்கு வந்து சேர்ந்தவள். பித்தப்பையை எடுக்கும்போது உள்ளே கிடக்கும் கற்களை இனி வீட்டாரிடம் கொடுக்கக் கூடாதாம். எல்லாம் பரிசோதனைக்கூடத்துக்கே போக வேண்டுமென்று சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். "மிஸ்தானே அந்தப் போத்தல் பழக்கத்துக்குப் பேர் போன ஆள். எங்கட ஆண்டு மலருக்கு அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தாங்கோ" என்றாள்.

எனக்கு முன்பும் கல்லைப் போத்தலில் போட்டுக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. புகழ் வீடு தேடி வரும்போது கதவைச் சாத்துகிற ஆள் நான் இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் அலுமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும் அந்த ஒரு போத்தல் நினைவுக்கு வந்தது. கொடுக்காமல் விட்ட போத்தல். நியாயமாகப் பார்த்தால் கட்டுரை அதைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

என் பெயர் யோகேஸ்வரி. தியேட்டரில் எல்லோருக்கும் யோகா மிஸ். அந்தப் பெயரைக் கேள்விப்பட்டு, முதுகு நோவுக்கு என்ன ஆசனம் நல்லது என்று கேட்க வந்த சிலர், என்னை நேரில் கண்டதும் கேள்வியை விழுங்கிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார்கள். உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. அகலத்தைக் கேட்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் தாதியர் பயிற்சி, அரசாங்க வார்ட்டில் சில வருடங்கள், பிறகு கொழும்பு, வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒழுங்கையில் ஒரு அறை. முதல் பதினைந்து வருடத்தை இந்த அளவில் முடித்துவிடலாம். அந்தக் காலத்தில் நான் கற்றுத் தேர்ந்த பெரிய வித்தை, நின்றபடியே தூங்குவது.

அந்த வித்தைக்கு முடிவு கட்டியது கமரா. சாவித்துவாரச் சத்திரசிகிச்சை என்று பத்திரிகை எழுதும். சனம் அதைக் கமராவால் செய்யும் ஒப்பரேஷன் என்று சொல்லும். காபனீரொட்சைட்டு வாயுவை விட்டு வயிற்றை ஊதப் பண்ணி, தொப்புளடியில் ஒரு துளை, மேலே மூன்று சின்னத் துளைகள். தொப்புள் துளையால் கமரா உள்ளே போகும். மற்றவற்றால் கத்தரிக்கோலும் இடுக்கியும் போகும். வைத்தியர் வயிற்றைப் பார்க்கவே மாட்டார். எதிரே இருக்கும் தொலைக்காட்சித் திரையைப் பார்த்தே வெட்டுவார். ஆகவே கமராவைப் பிடிப்பவர்தான் அவருக்குக் கண். எங்கள் தியேட்டரில் உதவி வைத்தியர்கள் அடிக்கடி மாறிக்கொண்டிருந்ததால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் மேசைக்கு எட்டாததால் எனக்கென்று ஒரு மரப்படி செய்து தந்தார்கள். அதில் ஏறி நின்று நான் கொட்டாவி விட்டால் திரையில் ஈரல் ஒரு பக்கம் சாயும். தும்மினால் நிலநடுக்கம்.

எங்கள் சத்திரசிகிச்சை நிபுணரை நாங்கள் பெரிய சேர் என்போம். சிங்களவர், ஒடிந்து விழுகிற மாதிரி ஒல்லி, சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. மற்ற வைத்தியர்கள் கோபம் வந்தால் இடுக்கியை எறிவார்கள். இவருக்குக் கோபம் வந்தால் நன்றி சொல்வார். "ஸ்தூதியி மிஸ்" என்று மென்மையாக ஒரு சொல். அதைக் கேட்டால் அந்தக் கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்காது. கமராக் கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க, பக்கத்தில் ஒரு பிளாஸ்கில் சுடுநீர் வைத்து அதில் தோய்த்துத் துடைப்போம். ஒரு நாள் நான் அதே நிறத்து என் தேநீர்ப் பிளாஸ்கை மாற்றி வைத்துவிட்டேன். ஸ்டெரைல் மேசையில் தேநீர் வாசம். சேர் மூக்கை ஒரு தடவை உறிஞ்சிவிட்டு, "ஸ்தூதியி" என்றார். நான் வேறு தொழில் தேடலாமா என்று யோசித்தேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு: ஒரு குழாய், ஒரு நாடி. அந்த இரண்டையும் கிளிப் போட்டு அறுத்தால் பை கழன்று வரும். ஆனால் பக்கத்திலேயே ஈரலின் பெரிய பித்தக்குழாய் போகிறது. அதைத் தவறி அறுத்தால் அந்த நோயாளியின் வாழ்க்கை போய்விடும். அதனால் கிளிப் போடுவதற்கு முன் சேர் கையில் இருப்பதையெல்லாம் வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் நிற்பார். நான் கமராவால் முன்பக்கம் காட்ட வேண்டும், பின்பக்கம் காட்ட வேண்டும். பிறகு என்னைப் பார்த்து "கீயத?" என்று கேட்பார். எத்தனை என்று அர்த்தம். நான் "தெகாய், சேர்", இரண்டு, என்று சொல்ல வேண்டும். அதே கேள்வி மயக்க மருந்து டொக்டருக்கும் உண்டு, அட்டென்டனுக்கும் உண்டு. எல்லோரும் சொன்ன பிறகுதான் கிளிப்.

மாதக்கணக்கில் தெகாய் தெகாய் என்று சொல்லி அது எனக்குக் கோயிலில் அரோகரா சொல்வது மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் மதியத்துக்கு நண்டுக் கறி கட்டிக்கொண்டு போயிருந்தேன். கண் திரையில், மனம் சாப்பாட்டுப் பெட்டியில். "கீயத?" என்றார். "தெகாய்" என்றேன். அவர் இடுக்கியை எடுத்துப் பையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். பின்னால் இன்னொரு சின்ன நாடி ஒட்டிக் கிடந்தது. மூன்று. "ஸ்தூதியி மிஸ்" என்றார். அன்று நண்டை அட்டென்டன் சாப்பிட்டார்.

இவ்வளவு வாங்கிக் கட்டியவளுக்குப் பெருமைப்பட ஒரு இடம் வேண்டாமா? அதுதான் போத்தல். ஊசி மருந்து வந்த சின்னக் கண்ணாடிப் போத்தலைக் கழுவி, கற்களையும் கழுவி உலர்த்திப் போட்டு, வெள்ளைப் பிளாஸ்டரில் பெயரை என் குண்டு எழுத்தில் எழுதி ஒட்டி, வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர் கையில் கொடுப்பேன். ஒப்பரேஷன் செய்தவர் சேர். ஆனால் கும்பிடு எனக்குத்தான் விழும். ஒரு அம்மா தன் கற்களைக் காட்சியலுமாரியில் வெள்ளிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஒருவர் கனடாவுக்குக் கொண்டுபோய்ப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினார். கல்லைக் கண்டால் போதும், இந்த மனிதர் இவ்வளவு நோவைத் தாங்கினாரா என்று வீட்டில் மரியாதை கூடிவிடும்.

ஸ்டெல்லா கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு பிள்ளைகள், கணவர் ஜெராட் துறைமுகத்தில் கிளார்க். நாலு வருடமாக, சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும், அது தோள்பட்டை வரை போகும், பிறகு வாந்தி. எத்தனையோ ஸ்கான் எடுத்தாயிற்று. எல்லாவற்றிலும் ஒரே வரி: கல் இல்லை. வாய்வுக்கு மருந்து குடித்தாள், நரம்புக்கு மாத்திரை போட்டாள், கொச்சிக்கடைக் கோயிலில் ஒன்பது செவ்வாய்க்கிழமை நேர்த்தி வைத்தாள். வீட்டில் கணவரின் அக்கா, சமையல் நேரம் பார்த்து வருகிற வருத்தம் இது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் பட்டியலில் இருப்பவர்களை வார்ட்டில் போய்ப் பார்ப்பது என் வேலை. அவளுடைய கோப்பில் கல் இல்லை, கல் இல்லை என்று தாள் தாளாக இருந்ததைப் பார்த்தேன். கட்டிலில் அவள் நன்றாகத் தலை வாரி, பொட்டுத் தோடு போட்டுக்கொண்டு, வருத்தக்காரி மாதிரியே இல்லாமல் இருந்தாள். நானும் அக்காவின் கட்சியில் சேர்ந்துவிட்டேன். வார்ட் வாசலில் நின்ற தாதிமாரிடம், "நாளைக்கு ரெண்டாவது கேஸ் ஆர் தெரியுமோ? கல்லில்லா ஸ்டெல்லா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாலைக்குள் தியேட்டர் முழுவதும் அந்தப் பெயர்தான். அன்று முழுக்க எனக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம்.

சேர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அவளை இரண்டு கிழமைக்கு முன்பே ஒரு பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். வெறும் வயிற்றில் ஒரு ஸ்கான். பிறகு இரண்டு முட்டையும் பட்டர் பூசிய பாணும் கொடுத்து இன்னொரு ஸ்கான். நல்ல பித்தப்பை கொழுப்பைக் கண்டால் சுருங்கிப் பித்தத்தைப் பிழிந்துவிடும். அவளுடையது வெறும் வயிற்றில் எவ்வளவோ, முட்டைக்குப் பிறகும் அவ்வளவே. ஸ்கான் அறையிலேயே அந்த நோவும் வந்துவிட்டது. அதன் பிறகு சேர் அவளிடம் நோவு எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று விரலால் வரைந்து காட்டச் சொல்லி, முழுக் கதையையும் கேட்டிருக்கிறார். பையை எடுக்கலாம், ஆனால் எடுத்தாலும் நோவு போகும் என்று சத்தியம் பண்ண முடியாது என்று கணவனுக்கும் மனைவிக்கும் மூன்று தடவை சொன்னார். ஜெராட் கேட்டது ஒன்றே ஒன்று, கல் இருக்குமா என்று. இருக்காது என்றுதான் நினைக்கிறேன் என்றார் சேர்.

மறுநாள் முதல் கேஸ் வெள்ளவத்தையில் இருந்து ஒரு ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பையைத் திறந்தால் பதினொரு கற்கள், எல்லாம் கடலைப் பருப்பு அளவில், சொல்லி வைத்த மாதிரி. அவற்றைக் கழுவிச் சின்னக் கிண்ணத்தில் உலர வைத்தேன். பிறகு ஸ்டெல்லாவை ட்ரொலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

மயக்க மருந்து டொக்டர் வருவதற்கிடையில் அவள் என் கையைப் பிடித்தாள். "மிஸ், நேத்து நீங்க சொன்ன பேரு கேட்டுச்சு. பரவால்ல, நல்லாத்தான் இருக்கு" என்றாள். எனக்கு முகமூடி இருந்ததால் தப்பினேன். "இந்த முறையும் ஒண்ணும் இல்லன்னு சொன்னா, நான் ஹெந்தளையில எங்கம்மா வீட்டுக்குப் போகணுமாம். புள்ளைங்க அவங்க மாமிகிட்ட, அவரோட அக்காகிட்ட இருக்குமாம். ஸ்கூல் இருக்குல்ல. ஒரே ஒரு கல்லு காட்டுங்க மிஸ். யாரோட கல்லா இருந்தாலும் பரவால்ல."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. நோகாது, பயப்படாதேயுங்கோ என்று எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொல்லியிருப்பேன்.

கமரா உள்ளே போனதும் எங்களுக்குப் பித்தப்பையே தெரியவில்லை. ஆரோக்கியமான பை ஈரலுக்குக் கீழே வெளிர் நீலத்தில் மினுங்கிக்கொண்டு தொங்கும். இங்கே கொழுப்புச் சவ்வும் சிறுகுடலின் ஒரு பக்கமும் அதன் மேல் ஒட்டிப்போய்க் கிடந்தன. பழைய அழற்சி ஆறி, மறுபடி வந்து, மறுபடி ஆறி உண்டான ஒட்டு. படியில் நின்ற நான் கமராவை இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். சேர் ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். முத்திரையைக் கடித உறையிலிருந்து கிழியாமல் எடுப்பதுபோல அவ்வளவு பொறுமை. வழக்கமான கேஸ் முடிகிற நேரத்தில் நாங்கள் பையின் கழுத்துக்கே வந்திருக்கவில்லை. என் கை மரத்துப்போய், அது என்னுடைய கைதானா என்று சந்தேகம் வந்துவிட்டது.

ஒருவழியாக அவர் இடுக்கியை வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் போனார். "கீயத?"

இரண்டு என்று சொன்னால் வீட்டுக்குப் போகலாம். சொல்வதற்கு வாய் தானாகவே திறந்தது. முன்பக்கம் காட்டினேன், பின்பக்கம் காட்டினேன். குழாய் தெரிந்தது. நாடி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு மட்டும். "ஒன்றுதான் தெரிகிறது சேர், மற்றது தெரியவில்லை" என்று சிங்களத்தில் சொன்னேன். மயக்க மருந்து டொக்டர் நேரத்தைப் பார்த்தார். சேர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி இடுக்கியை எடுத்தார். இன்னும் அரை மணித்தியாலம் போயிருக்கும். தழும்புக்குள்ளிருந்து நாடி நூல் மாதிரி வெளியே வந்தது. அடுத்த "கீயத"வுக்கு எல்லோருமாகத் தெகாய் சொன்னோம். நானும் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

பையை ஒரு கையுறையின் விரலுக்குள் போட்டு, தொப்புள் துளையால் வெளியே எடுத்து, பக்கத்து மேசையில் சேர் வெட்டித் திறந்தார். கல் இல்லை. மணல் கூட இல்லை. ஆனால் காகிதம்போல மெல்லிசாக இருக்க வேண்டிய சுவர், பழைய செருப்புத் தோல்போலத் தடித்துப் போயிருந்தது. சேர் அதை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "பவ்" என்றார். பாவம் என்று. கிட்னி வடிவத் தட்டில் அதை வைத்து எடுத்துக்கொண்டு, வீட்டாரைப் பார்க்க வெளியே போனார்.

இனி நான் செய்ததை எழுதுகிறேன். வாத்தியாரின் கிண்ணத்திலிருந்து மூன்று கற்களை எடுத்தேன். ஒன்று எடுத்தால் போதும்தான், ஆனால் என் கை தாராளம். போத்தலில் போட்டேன். பிளாஸ்டரில் ஸ்டெல்லா என்று எழுதி ஒட்டினேன். முதல் நாள் அவளுக்குக் கல்லில்லாப் பட்டம் கொடுத்தவள், மறுநாள் கல்லைக் கொடுத்துக் கணக்கை நேராக்கப் போனேன். அவளுடைய வாழ்க்கையை நானே காப்பாற்றப் போகிறேன் என்று கண்கூடக் கலங்கியது. பொய் சொல்லப் போகிறவளுக்கு இவ்வளவு புண்ணிய உணர்ச்சி வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

நடைபாதையில் சேர் ஜெராட்டோடு கதைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி வாங்கில் அக்கா செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். நான் போத்தலைச் சட்டைப் பைக்குள் பிடித்துக்கொண்டு நெருங்கினேன். சேர் என் முகத்தைப் பார்த்தார், பைக்குள் போயிருந்த கையைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, தியேட்டரில் கேட்கிற அதே குரலில், "கீயத மிஸ்?" என்றார்.

ஜெராட் என் பக்கம் திரும்பினார். கொட்டாஞ்சேனைக்காரர், சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும். மூன்று என்று சொன்னால் ஹெந்தளைப் பயணம் இல்லை. பிள்ளைகள் தாயோடு இருக்கும். அந்த மனிதரின் கண் என் கைமேலேயே இருந்தது. என் விரல்களுக்குள் இருந்த போத்தலில் மூன்று கற்களும் கலகலத்தன.

"எக்கக்வத் நே, சேர்" என்றேன். ஒன்றுகூட இல்லை.

சேர் ஜெராட்டுக்கு ஒரு கையுறையைக் கொடுத்துப் போடச் சொன்னார். பையின் சுவரைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். அது எப்படி இருந்திருக்க வேண்டும், எப்படி ஆகிவிட்டது, எத்தனை தரம் வெந்து ஆறியிருக்க வேண்டும் என்று அவசரமில்லாமல் விளங்கப்படுத்தினார். ஜெராட் அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு என்னிடம் தமிழில், "அப்ப கல்லு இல்லாமலே நொந்திருக்கா மிஸ்?" என்று கேட்டார்.

"ஓம். நாலு வருஷமா நொந்திருக்கு. அவ சொன்னதெல்லாம் உண்மை. பார்க்கத் தெரியாமல் இருந்தது நாங்கள்தான்" என்றேன்.

அவர் கையுறையைக் கழற்றாமலேயே அக்காவிடம் நடந்து போனார். "அக்கா, அவ பொய் சொல்லல்ல" என்றார். அக்கா செபமாலையை மடியில் வைத்தார். பிறகு, பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து கூட்டி வரும் நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். சேர் என்னைக் கடந்து போகும்போது "ஸ்தூதியி மிஸ்" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட எத்தனையோ நன்றிகளில் அது ஒன்றுதான் உண்மையான நன்றி என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

தியேட்டருக்குத் திரும்பினால் வாத்தியாரின் கிண்ணம் காலி. வேறொரு தாதி மிச்சம் எட்டுக் கற்களையும் போத்தலில் போட்டு மகனிடம் கொடுத்துவிட்டாள். சேர் வாத்தியாரிடம் பதினொன்று என்று முன்பே சொல்லியிருந்தார். கணக்கு வாத்தியார் எண்ணாமல் விடுவாரா? மூன்று கற்களை வயிற்றுக்குள் விட்டுத் தைத்துவிட்டீர்களா என்று மூன்றாம் நாள் கோல். சேர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். கழுவும்போது தண்ணீரோடு போய்விட்டது என்றேன். "ஸ்தூதியி" என்றார். அது பழைய ஸ்தூதியி. வாத்தியாருக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டேன். இனிமேலாவது எண்ணிப் பழகு பிள்ளை என்று சொல்லி விட்டுவிட்டார்.

ஸ்டெல்லாவின் பரிசோதனை அறிக்கையும் நாள்பட்ட அழற்சி, கல் இல்லை என்றே வந்தது. ஜெராட் அதை லமினேட் பண்ணிவிட்டார் என்று கிளினிக்கில் சொன்னாள். நோவு போய்விட்டது. முழுவதும் என்று சொல்ல மாட்டாள். எண்ணெய்ச் சாப்பாடு கூடினால் வயிறு கொஞ்சம் முறுகும். ஆனாலும் அன்று ஜிந்துப்பிட்டிக் கடையொன்றில் வடை சாப்பிட்டுவிட்டுத்தான் கிளினிக்குக்கே வந்திருந்தாள். சேரிடம் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். சொல்லவில்லை.

இந்தக் கட்டுரையில் அவளுடைய பெயரைப் போடலாமா என்று கேட்க, போன ஞாயிறு அவளை வீட்டுக்கு வரச் சொன்னேன். பூசை முடிந்து பஸ் ஏறி, ஒரு பெட்டி பட்டிஸ் பலகாரத்தோடு வந்தாள். தலையில் நரை விழுந்திருக்கிறது. மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பெயரைப் போடுங்கள், அந்தப் பட்டத்தையும் சேர்த்துப் போடுங்கள் என்றாள். அவள் இவ்வளவு தாராளமாக இருக்கும்போது நான் ஒளித்து வைத்திருப்பது சரியில்லை என்று பட்டது. அலுமாரியைத் திறந்து போத்தலை எடுத்துக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரை வாசித்தாள். போத்தலைக் குலுக்கிப் பார்த்தாள். வாத்தியார் எட்டு வரை எண்ணிய கதையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அன்றைக்குக் கேட்டதைக் கொடுக்காமல் விட்டுவிட்டேனே, கோபமில்லையா என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

"இதக் குடுத்திருந்தா அவரு கல்லத்தான் மிஸ் நம்பியிருப்பாரு" என்றாள். "என்னைய இல்ல."

பிறகு நகத்தால் பிளாஸ்டரைச் சுரண்டினாள். பசை காய்ந்திருந்ததால் முழுதாகவே கழன்று வந்தது. தன் பெயரை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, போத்தலை என்னிடமே திருப்பித் தந்தாள். வாத்தியார் இப்போது இல்லை. மகன் எந்த நாட்டில் இருக்கிறார் என்றும் தெரியாது. பெயரில்லாத மூன்று கற்கள் அலுமாரியின் கீழ்த்தட்டில் என் பொறுப்பில் இருக்கின்றன. யாராவது "கீயத?" என்று கேட்டால், இந்த முறை எண்ணிப் பார்த்துத்தான் சொல்வேன்.